மடு எங்கே இருக்கிறது?



யூலை மாதம் நெருங்கும்போதெல்லாம் நம் குடும்பங்களில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. பெரியவர்கள் கேட்பது ஒன்று: "பாதர், மடு அங்கே இருக்க, இங்கே ஒரு சொரூபத்தை வைத்துத் திருவிழா எடுப்பது பொருந்துமா? இடம் மாறினால் அது மடுவாகுமா?" பிள்ளைகள் கேட்பது மற்றொன்று: "நாங்கள் ஒருநாளும் காணாத காட்டுக்கோயிலை நினைத்து அம்மம்மா ஏன் அழுகிறா?" முதலாவது கேள்வி சிட்னியின் வென்ட்வேர்த்வில்லிலும் மெல்பேர்ணின் டண்டினோங்கிலும் ஏறக்குறைய ஒரே சொற்களில் கேட்கப்படுகிறது. இரண்டாவது பெரும்பாலும் ஆங்கிலத்தில் கேட்கப்படுகிறது. இரண்டுக்கும் மறைக்கல்வி நூலிலிருந்து ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். ஆயினும் மடுவின் வரலாற்றையே விடை சொல்ல அழைப்பது நல்லதென்று கருதுகிறேன். பதிவு நீளமானது, தேநீர் ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

மடுவின் கதை மடுவில் தொடங்கவில்லை. அது மன்னார்க் கரையை அண்டிய மாந்தையில் தொடங்குகிறது. மன்னார்ப் பகுதியின் கத்தோலிக்கர் தம் விசுவாசத்துக்குத் தொடக்கத்திலேயே பெரும் விலை கொடுத்தவர்கள். 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுள் ஏறத்தாழ 600 பேர் கொல்லப்பட்டனர். தோட்டவெளியில் நாம் வணங்கி நினைவுகூரும் வேதசாட்சிகள் அவர்களே. அதன் பின்னர் போர்த்துக்கேயரின் காலத்தில் ஆலயங்கள் எழுந்தன. மாந்தையில் நல்ல சுகமளிக்கும் அன்னைக்கு ஓர் ஆலயம் இருந்தது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபோது நிலைமை தலைகீழானது. குருக்கள் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடங்கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமென்று கட்டளை பிறந்தது. ஆலயங்கள் புரட்டஸ்தாந்து வழிபாட்டுக்கு மாற்றப்பட்டன.

1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் அன்னையின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு கிழக்கே காட்டுக்குள் புகுந்தன என்பது நம் மரபு. அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 700 பேர் வன்னிக் காட்டுக்குள் ஓடிவந்தனர். இரு கூட்டமும் ஒல்லாந்தரின் கை எட்டாத மருதமடுவில் சந்தித்தன. அங்கே எலேனா என்னும் போர்த்துக்கேய வழிவந்த பெண்ணொருத்தி சிறு ஆலயமொன்றை அமைத்தாளென்றும், அவள் பெயராலேயே அந்த இடம் சிலேன மருதமடு என அழைக்கப்பட்டதென்றும் சொல்வார்கள்.

அவர்கள் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பதை ஒருமுறை எண்ணிப்பாருங்கள். மாந்தைக் கோயிலின் சுவரைத் தூக்க முடியாது; கிணற்றையும் சேமக்காலையையும் தூக்க முடியாது. தூக்கக்கூடியது ஒன்றே ஒன்று இருந்தது, அதைத் தூக்கினார்கள். மடுவில் அன்னை யாருக்கும் காட்சி கொடுத்ததாக மரபு இல்லை. லூர்து, பாத்திமா போன்ற திருத்தலங்கள் விண்ணகக் காட்சியால் தோன்றின. மடுவோ அகதிகளின் கால்களால் தோன்றிய திருத்தலம். மாந்தையில் இருந்த முதியவர் ஒருவர் அன்று, "மாந்தை இங்கே இருக்க, காட்டுக்குள் ஒரு கொட்டிலில் சொரூபத்தை வைத்துக் கும்பிடுவது பொருந்துமா?" என்று கேட்டிருந்தால், இன்று நீங்கள் கேட்கும் கேள்வியையே அவரும் கேட்டிருப்பார்.

மடு என்பதற்குத் தமிழில் ஆழமான நீர்நிலை என்று பொருள். மருத மரங்கள் சூழ்ந்த மடு மருதமடு. கோடையில் வன்னிக்குள் நடந்தவர்களுக்கு அந்தப் பெயரின் அருமை தெரியும். அந்த மண்ணுக்கென்று தனிப் பக்தியும் வளர்ந்தது. பாம்புகள் நிறைந்த காட்டில் வாழ்ந்த மக்கள், மடு மண் விஷக்கடியிலிருந்து காக்குமென்று நம்பினர். திருவிழா முடிந்து திரும்பும்போது ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்துகொண்டு போகாத குடும்பம் அரிது. உங்களில் சிலருடைய வீட்டுச் செபமேசையில், மெழுகுதிரிக்குப் பின்னால், அந்த முடிச்சு இன்னும் இருக்கக்கூடும். (இங்கே ஓர் இடைக்குறிப்பு: இலங்கைக்குப் போய் வருகிறவர்கள் மடு மண்ணைக் கைப்பையில் ஒளித்துக்கொண்டு மஸ்கொட்டிலோ துல்லமரீனிலோ வந்து இறங்காதீர்கள். இந்நாட்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் மண் விடயத்தில் மிகக் கடுமையானது. மாதாவின் பெயரைச் சொன்னாலும் அதிகாரிகள் விடமாட்டார்கள்.)

மண்ணை முடிந்துகொண்டு போகும் பழக்கம் விவிலியத்திலும் உண்டு. சிரியாவின் படைத்தலைவனான நாமான் எலிசாவின் சொற்படி யோர்தானில் மூழ்கித் தொழுநோய் நீங்கினான். ஊருக்குப் புறப்படும்போது அவன் கேட்ட ஒரே பொருள், இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவு இஸ்ரயேலின் மண். தமஸ்குவில் அந்த மண்மீது நின்று இஸ்ரயேலின் ஆண்டவரை வணங்க விரும்பினான். கடவுளுக்கு மண் எதற்கு என்று எலிசா அவனைப் பரிகசிக்கவில்லை. அமைதியோடு போய்வா என்று அனுப்பினார். இறையியல் படித்த நம்மில் சிலர் நம் ஆச்சிமாரின் மண்முடிச்சைப் பார்த்துப் புன்னகைப்பதுண்டு. எலிசாவின் அடக்கம் அவர்களுக்கும் வேண்டும்.

காட்டிலிருந்த அந்தச் சமூகத்துக்கு நீண்ட காலம் குரு இல்லை. 1687இல் கோவாவிலிருந்து புனித யோசேவாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் கால்வைத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் திருப்பலி இல்லாமல் இருந்த மக்கள் கழுத்தில் செபமாலையோடு வந்த அந்தப் பிச்சைக்காரரை அடையாளங்கண்டனர். அந்த முப்பது ஆண்டுகளும் விசுவாசத்தைக் காத்தவர்கள் பொதுநிலையினரே: செபம் சொல்லிக்கொடுத்த தாய்மாரும், மரித்தோரை அடக்கம் செய்த மூப்பர்மாரும். குருவாகிய நான் இதை எழுதுகையில் எனக்கே இது நல்ல பாடமாக இருக்கிறது.

பிந்திய வரலாற்றை விரைவாகக் கடந்து செல்வோம். 19ஆம் நூற்றாண்டில் ஆயர் பொஞ்சீன் ஆண்டகையின் காலத்தில், 1872இல், இன்றைய ஆலயத்தின் பணி தொடங்கிற்று. 1924 யூலை 2ஆம் திகதி அன்னைக்கு முடிசூட்டப்பட்டது. 1944இல், உலகப் போரின் நடுவே, ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டது. 1914இல் தலைமன்னார் வரை இருப்புப்பாதை போடப்பட்ட பின்னர் மடு வீதி நிலையத்தில் இறங்கி நடந்தவர்களும், அதற்கு முன்னர் மாட்டுவண்டியில் நாட்கணக்காகப் பயணம் செய்தவர்களும் உங்கள் பாட்டன் பாட்டிமார். மரத்தின் கீழே கொட்டில் போட்டு, அடுப்பு மூட்டி, நவநாள் முழுவதும் அங்கேயே தங்குவார்கள். பக்கத்துக் கொட்டிலில் நீர்கொழும்பிலிருந்தோ சிலாபத்திலிருந்தோ வந்த சிங்களக் குடும்பம் இருக்கும். ஒரு கொட்டிலின் கருவாடு மறு கொட்டிலுக்குப் போகும். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் வருவார்கள். நாடு பிளவுபட்டுக்கொண்டிருந்த காலத்திலும் அந்தக் காட்டுக்குள் சில நாட்களாவது மக்கள் ஒருவரோடொருவர் சோறு பகிர்ந்தனர். இதை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை, ஏனெனில் திருவிழா முடிந்ததும் அவரவர் ஊருக்கும் அவரவர் அச்சத்துக்கும் திரும்பிப் போனார்கள் என்பதும் உண்மை.

1990 யூனில் போர் மீண்டும் வெடித்தது. அதன் பின்னர் மடு தன் முதற்பணிக்குத் திரும்பியது. திருவிழாக் கொட்டில்கள் இருந்த மரநிழல்களில் தறப்பாள் கூடாரங்கள் எழுந்தன. ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான ஆணையகம் அங்கே திறந்த நிவாரண நிலையமொன்றை நடத்திற்று. பத்தாயிரக்கணக்கானோர், கத்தோலிக்கரும் இந்துக்களும், அந்த வளாகத்தில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தார்கள். இங்கே இதை வாசிப்பவர்களுள் அந்த மரங்களின் கீழே பிறந்தவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு மடு யாத்திரைத் தலமன்று, பிறந்த ஊர்.

1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு, அடைக்கலம் தேடி மக்கள் நிறைந்திருந்த ஆலய வளாகத்தில் எறிகணைகள் விழுந்தன. ஏறத்தாழ 40 பேர் இறந்தனர், பலர் காயமுற்றனர், சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். போரிட்ட இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. நம் திருவிழாச் சொற்பொழிவுகளில் இந்த இரவைப் பற்றி நாம் ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. "விழாவில் எதற்கு அந்தக் கதை?" என்று கேட்பவர்களின் மனம் எனக்கு விளங்குகிறது. அவர்களில் பலர் அதைவிடக் கொடிய இரவுகளைக் கண்டவர்கள். ஆயினும் என் கருத்து வேறு. தோட்டவெளியில் 1544இன் மரித்தோரை நினைவுகூர்வது விசுவாசம் என்றால், மடுவில் 1999இன் மரித்தோரை நினைவுகூர்வது எப்படி அரசியலாகும்? அவர்கள் அன்னையின் காலடியில் ஒதுங்கியவர்கள். அவர்களை விட்டுவிட்டு நாம் நம் பிள்ளைகளுக்குக் காட்டும் மடு ஓர் அஞ்சலட்டைப் படமாகிவிடும். எந்த அஞ்சலட்டைக்காகவும் அம்மம்மா அழமாட்டா.

2008இன் தொடக்கத்தில் போர்முனை மடுவை நெருங்கியது. திருத்தலத்தைச் சூழ்ந்த பகுதியைப் போரற்ற அமைதி வலயமாக்கும்படி மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை இரு தரப்பையும் வேண்டினார். வேண்டுதல் பலிக்கவில்லை. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் குருக்கள் அன்னையின் சொரூபத்தை எடுத்துக்கொண்டு வடக்கே, கரையோரத்திலுள்ள தேவன்பிட்டிக்குப் போனார்கள். 338 ஆண்டுகளுக்குப் பின் அதே சொரூபம் மறுபடியும் அகதியாயிற்று. அம்மாத இறுதியில் இராணுவம் மடுவைக் கைப்பற்றியது. ஓகஸ்டில் சொரூபம் திரும்பக் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 15 விழாவும் நடைபெற்றது. ஆனால் வழமையாகப் பக்கத்து ஊர்களிலிருந்து நடந்து வரும் வன்னி மக்கள் அங்கே இல்லை. அவர்கள் கிழக்கு நோக்கித் துரத்தப்பட்டுக்கொண்டிருந்தனர். அந்தப் பாதை 2009 மே மாதத்தில் எங்கே போய் முடிந்ததென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நான்கு மாதங்களும் மடு எங்கே இருந்தது? கட்டடம் ஒரு தரப்பின் கையில் இருந்தது. சொரூபம் மறு பகுதியில் ஓர் ஊர்க்கோயிலில் இருந்தது. மக்கள் வீதியோரங்களில் இருந்தார்கள். தமிழகத்தின் மண்டபம் முகாமில் இருந்தார்கள். ரொறன்ரோவிலும் பாரிசிலும் ஹோம்புஷ்ஷிலும் தொலைபேசியைக் காதில் வைத்தபடி இருந்தார்கள். மண்ணும் சொரூபமும் மக்களும் மூன்று திசைகளில் பிரிந்து கிடந்தன. இந்தக் கேள்விக்கு, "மடு நம் இதயத்தில் இருந்தது" என்று இனிமையாக விடை சொல்லிவிடலாம். எனக்கு அந்த விடையில் நிறைவில்லை. அது உண்மையானால் சொரூபத்தை மீண்டும் அந்தக் காட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய தேவை என்ன? தேவன்பிட்டியிலேயே வைத்திருக்கலாமே. ஒருவரும் அப்படி எண்ணவில்லை. கொண்டுபோனவர்கள் திரும்பக் கொண்டுவருவதற்காகவே கொண்டுபோனார்கள்.

இதனை மேலும் தெளிவாக்குவது இரணைதீவின் கதை. இது மடுவைப்போல் உலகறிந்த இடமன்று. பூநகரிப் பிரதேசத்துக்கு மேற்கே கடலில் உள்ள இரட்டைத் தீவுகள். மீனவக் கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடம். 1992இல் போரினால் மக்கள் வெளியேறி எதிர்க்கரையில் இரணைமாதாநகர் என்ற பெயரில் குடியேறினர். புதிய ஊருக்கும் பழைய தீவின் பெயரையே இட்டதைக் கவனியுங்கள். போர் முடிந்த பின்னும் தீவு கடற்படையின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2017 மே மாதம் முதல் ஏறத்தாழ ஓராண்டு கரையில் அமர்ந்து போராடினர். பலன் கிடைக்காமற்போகவே, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி தங்கள் படகுகளில் ஏறித் தாமாகவே தீவுக்குப் போய் இறங்கினர். இறங்கியவர்கள் செபமாலை மாதா ஆலயத்தில் கூடிச் செபித்தனர். பின்னர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அந்த 26 ஆண்டுகளும் அவர்களுக்கு எதிர்க்கரையில் ஆலயமும் திருப்பலியும் இல்லாமலில்லை. நற்கருணை எங்கும் ஒன்றே. ஆயினும் அந்த இடிபாடுகளுக்குள் போய் முழந்தாளிட வேண்டியிருந்தது. திருமுழுக்குப் பெற்ற இடம், பெற்றோரைப் புதைத்த இடம், கடலுக்குப் போகுமுன் கும்பிட்ட இடம்: இவற்றுக்கு நாம் கடமைப்பட்டவர்கள் என்ற உணர்வு மாற்றிடத்தால் தீர்வதில்லை. புனித எரோணிமுஸ் ஒரு நண்பருக்கு எழுதுகையில், எருசலேமிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் விண்ணகத்துக்கு வழி ஒன்றேபோல் திறந்திருக்கிறது என்ற கருத்தைச் சொல்கிறார். அருமையான இறையியல். ஆனால் அதை எழுதியபோது அவர் பெத்லகேமில், ஆண்டவர் பிறந்த குகைக்கு அருகே குடியிருந்தார், அங்கேயே இறந்தார். பெரிய மறைவல்லுநரின் எழுத்து ஒன்று சொல்ல, அவருடைய கால்கள் வேறொன்று சொல்லின. நான் இரண்டையும் நம்புகிறேன்.

உடன்படிக்கைப் பேழையைப் பற்றி விடுதலைப் பயண நூலில் ஒரு சிறு கட்டளை உண்டு. பேழையைச் சுமக்கும் தண்டுகளை அதன் வளையங்களிலிருந்து எடுத்துவிடக் கூடாது என்பதே அது. ஓரிடத்தில் வைத்த பின்னும் தண்டுகள் கழற்றப்படுவதில்லை. சுமக்கப்பட ஆயத்தமாகவே அது நிற்கும். மடு அன்னையின் சொரூபத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத தண்டுகள் உண்டு என்று எனக்குத் தோன்றும். துரத்தும்போது மக்கள் அதைத் தூக்கினார்கள். வழி திறந்தபோது திரும்பக் கொண்டுவந்தார்கள். 2015 சனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் காலையில் கொழும்பில் யோசேவாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்து, பிற்பகலில் மடுவுக்கு வந்து, அந்தச் சொரூபத்தைக் கையில் ஏந்தி மக்களை ஆசீர்வதித்தாரே, அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்து நம்மில் எத்தனை பேர் இங்கே நள்ளிரவுவரை விழித்திருந்தோம்!

இனி, நாம் வாழும் இந்த மண்ணுக்கு வருவோம். இங்கே நம்மவர் பலர், அவுஸ்திரேலியத் திருச்சபையை வெள்ளையர் கட்டிய பெரிய கற்கோயில்களின் திருச்சபை என்றே எண்ணுகிறார்கள். அதன் தொடக்கம் அப்படியன்று. 1788 முதல் இங்கே கொண்டுவரப்பட்ட ஐரிஷ் கைதிகளுட் பெரும்பாலானோர் கத்தோலிக்கர். அவர்களுக்கென நிலையான குருப்பணி 1820வரை அனுமதிக்கப்படவில்லை. 1817இல் எரேமியா ஓ'ஃபிளின் என்னும் குரு அரசின் அனுமதிப் பத்திரம் இல்லாமல் சிட்னிக்கு வந்து, மறைவாகத் திருப்பலி நிறைவேற்றினார். ஆளுநர் மக்குவாரி 1818 மே மாதம் அவரைக் கைதுசெய்து நாடுகடத்தினார். போகும்போது அவர் நற்கருணையை ஒரு வீட்டில் விட்டுச்சென்றார் என்பதும், குருவில்லாத அக்காலத்தில் மக்கள் அவ்வீட்டில் கூடி அதன்முன் செபமாலை சொல்லி வந்தனர் என்பதும் சிட்னிக் கத்தோலிக்கரின் பழைய நினைவு. அது வில்லியம் டேவிசின் வீடா, ஜேம்ஸ் டெம்சியின் வீடா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. இருவரும் 1798 ஐரிஷ் கிளர்ச்சியோடு தொடர்புபட்டு நாடுகடத்தப்பட்டவர்கள். டேவிஸ் கொடுத்த நிலத்திலேதான் வின்யார்ட் நிலையத்துக்கு அருகே இன்றுள்ள புனித பற்றிக் ஆலயம் நிற்கிறது. நகரில் வேலை செய்கிறவர்கள் மதிய உணவு நேரத்தில் அங்கே திருப்பலிக்குப் போகிறீர்கள். அடுத்த முறை போகும்போது, நீங்கள் நிற்பது சிட்னியின் சிலேன மருதமடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். தாய்நாட்டிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவர்கள், குரு இல்லாமல், ஓர் அறைக்குள் விசுவாசத்தைக் காத்த இடம் அது. புனித மரியாள் பேராலயத்தின் முதற்கட்டடமும் 1821இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1865 யூன் 29இல் தீக்கிரையானது என்பதையும், இன்று நாம் காணும் கோபுரக் கூர்நுனிகள் 2000ஆம் ஆண்டில்தான் நிறைவுற்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"மாதிரி" வைப்பது பற்றிய தயக்கத்துக்கு நீண்ட விடை தேவையில்லை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நீங்கள் வளர்ந்த ஊரில் லூர்து கெபி இருந்ததா, இல்லையா? பிரான்சு நாட்டுப் பிரனீஸ் மலையடிவாரக் குகை ஒன்று பனைமரங்களுக்கு நடுவே சீமெந்தில் எழுந்தபோது, அது போலி என்று ஒருவரும் சொல்லவில்லை. இங்கிலாந்தின் வால்சிங்கத்தில் 1061இல் நாசரேத்து வீட்டின் மாதிரியொன்று கட்டப்பட்டதென்பது மரபு. 1538இல் அது அழிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் யாத்திரை மீண்டும் உயிர்பெற்றது. இன்று ஆண்டுதோறும் அங்கே திரளும் பெருங்கூட்டங்களுள் ஒன்று ஈழத்தமிழர் கூட்டம். மெல்பேர்ணுக்கு மேற்கே பக்கஸ் மார்ஷ் மேட்டில், மால்ற்றாவிலிருந்து வந்தவர்கள் தங்கள் கோசோ தீவின் தா பினு அன்னைக்குத் தலம் அமைத்தனர். அந்த மேட்டில் இன்று வேறு பல இனத்தவரும் தத்தம் அன்னையருக்குச் சிற்றாலயங்கள் எழுப்பியிருக்கிறார்கள். சிட்னிக்குத் தெற்கே பென்றோஸ் பார்க்கிலும் அப்படியே. ஒவ்வொரு சிற்றாலயமும் ஓர் ஊரை நோக்கித் திரும்பி நிற்கிறது. நம்முடையதும் அப்படி நிற்கும்வரை எனக்குக் கவலையில்லை. அது தன்னிலேயே முடிந்துபோய், ஆண்டுக்கொருமுறை பேருந்தில் போய்ப் பொதிச்சோறு சாப்பிட்டு வரும் இடமாக மட்டும் ஆகிவிடுமோ என்பதே என் கவலை. பொதிச்சோறு வேண்டாம் என்று சொல்லவில்லை, மடுவிலும் சாப்பிட்டோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நாம் பேருந்தை நிறுத்தும் எந்த மேடும் வெறுமையாகக் கிடந்ததன்று. மேற்குச் சிட்னியில் நம்மவர் பலர் வாழும் பரமட்டாவின் பெயர் தாருக் மக்களுடைய மொழியிலிருந்து வந்தது. விலாங்கு மீன்கள் கூடும் நீரிடம் என்று அதற்குப் பொருள் கூறுவர். உங்கள் பிள்ளைகள் ஆதரிக்கும் றக்பி அணி ஏன் விலாங்கின் பெயரைத் தாங்குகிறது என்பதற்கும் காரணம் இதுவே. மருதமடுவும் நீரால் பெயர்பெற்ற இடம், பரமட்டாவும் நீரால் பெயர்பெற்ற இடம். அந்த நீரின் கரையில் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தம் முன்னோரை நினைத்து வாழ்ந்த மக்களிடமிருந்து அந்த இடம் பறிக்கப்பட்டது. நிலத்தை இழந்த மக்களாகிய நமக்கு இது புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்? நம் சொந்த வரலாற்றிலும் இதன் மறுபக்கம் உண்டு. ஒல்லாந்தர் மாந்தையில் நம்மைத் துரத்துவதற்கு முன்னர், 1620களில், போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேறா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். அதைச் செய்தவன் ஒல்லாந்தனல்லன், நம் மதத்தவன். மடுவின் துயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நல்லூரின் துயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளையோடு ஒரே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். எப்படியும் ஒருநாள் அறிந்துகொள்வார்கள். நம்மிடமிருந்து அறிவது நல்லது.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாட்டுவண்டியில் மடுவுக்குப் போன கடைசித் தலைமுறை நம் கண்முன்னே மறைந்துகொண்டிருக்கிறது. தறப்பாளின் கீழ் வாழ்ந்தவர்கள் நடுத்தர வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்களிடம் "மடுவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "எல்லாம் மாதாவின் புதுமை" என்ற ஒரு வரியே விடையாக வரும். சிறியதைக் கேளுங்கள். எந்த ஆண்டு போனீர்கள்? யார் யார் கூட வந்தார்கள்? எந்த மரத்தின் கீழே, ஆலயத்துக்கு எந்தப் பக்கமாகக் கொட்டில் போட்டீர்கள்? தண்ணீர் எங்கே அள்ளினீர்கள்? அடுத்த கொட்டிலில் யார் இருந்தார்கள்? முகாமில் இருந்தவர்களிடம், பள்ளிக்கூடம் எங்கே நடந்தது, மழை வந்தால் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். 1999இன் அந்த இரவில் அங்கே இருந்தவர்கள் நம் பங்கில் இருந்தால், அவர்களை வற்புறுத்தாதீர்கள். சொல்ல முன்வந்தால் இடைமறிக்காமல் கேளுங்கள். பிள்ளைகள் தங்கள் கைத்தொலைபேசியிலேயே குரலைப் பதிவு செய்யலாம். கேள்வி ஆங்கிலத்திலும் பதில் தமிழிலும் இருந்தாலும் குறையில்லை.

ஓகஸ்ட் 15 விழாவுக்கு முன்னர் உங்கள் பதிவுகளையும் பழைய படங்களையும் பங்கு அலுவலகத்தில் தாருங்கள். படி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். பெயர் வெளியிட விரும்பாதவர்களின் பெயர் வெளியிடப்படமாட்டாது. படங்களைத் தருமுன் அவற்றின் பின்புறத்தில் ஆண்டையும், நிற்பவர்களின் பெயர்களையும், அது மடுவின் எந்த இடம் என்பதையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனாவால் எழுதினால் மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.